ஷெர்லாக் ஹோம்ஸை அவரே கொன்றார், ஆனால் 130 வருடங்களாக சாகவில்லை: ஆர்தர் கோனன் டாயிலின் கதை

1907 ஜனவரி. லண்டன், சேரிங் கிராஸ் பகுதியில் ஒரு பெரிய ஹோட்டல். தன்னைச் சந்திக்க வந்து காத்திருக்கும் ஓர் இளம் வழக்கறிஞரைப் பார்க்க உள்ளே நுழைகிறார் ஒரு பிரபல எழுத்தாளர். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அந்த இளைஞர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். தாளை முகத்துக்கு மிக அருகில், சற்றுப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருக்கிறார்.

எழுத்தாளர் நின்று ஒரு நிமிடம் கவனிக்கிறார். ஒரு வார்த்தைகூடப் பேசுவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிடுகிறது: இந்த மனிதர் செய்ததாகச் சொல்லி மூன்று வருடம் சிறையில் வைத்த குற்றத்தை இவரால் செய்திருக்கவே முடியாது.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் வரும் காட்சி மாதிரி இருக்கிறதா? இல்லை, இது நிஜமாக நடந்தது. அந்த எழுத்தாளர் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். அந்த இளைஞரின் அப்பா பம்பாயில் பிறந்த பார்ஸி. அந்த வழக்குக்குப் பிறகு வருவோம்.

ஹோம்ஸை நீங்கள் படித்திருக்கலாம், வெப் சீரிஸாகப் பார்த்திருக்கலாம், அல்லது மீம்ஸ் வழியாக மட்டும் தெரிந்திருக்கலாம். ஆனால் ஆளைத் தெரியாது என்று சொல்ல மாட்டீங்க. 1887-ல் பிறந்த ஒரு கற்பனை மனிதன் இன்னமும் ஏன் நம்மை விடவில்லை? அதைப் புரிந்துகொள்ள, அவனைப் பெற்றவரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

யார் இந்த டாயில்?

1859 மே 22, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அப்பா சார்லஸ் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர், நன்றாகப் படம் வரைவார், அதைவிட நன்றாகக் குடிப்பார். குடும்பம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அப்பாவை மனநலக் காப்பகத்தில் சேர்க்க வேண்டிவந்தது. அம்மா மேரி கதை சொல்வதில் கெட்டிக்காரி. வீட்டில் பணம் இல்லாவிட்டாலும் கதைக்குப் பஞ்சம் இல்லை. பள்ளிச் செலவை வசதியான உறவினர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

1876-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். அங்கேதான் ஜோசப் பெல் என்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியரைச் சந்தித்தார். நோயாளி உள்ளே வந்து உட்காரும் முன்பே அவர் என்ன வேலை செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடும் பழக்கம் பெல்லுக்கு உண்டு.

ஒருமுறை சாதாரண உடையில் ஒருவர் வந்தார். அவர் ராணுவத்தில் இருந்தவர், சமீபத்தில்தான் வெளியே வந்தார், பார்படோஸ் தீவில் பணியாற்றினார் என்று அடுக்கினார் பெல். எல்லாமே சரி. மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு பெல் விளக்கினார்: மரியாதையான மனிதர், ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை, அது ராணுவப் பழக்கம். வெளியே வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தால் அந்தப் பழக்கம் போயிருக்கும். வந்திருப்பது யானைக்கால் நோய்க்காக. அது பிரிட்டனில் வருவதில்லை, மேற்கிந்தியத் தீவுகளில் வருவது. விளக்கம் கேட்ட பிறகு, அட, இவ்வளவுதானா என்று தோன்றுகிறது இல்லையா? இந்த உணர்வைத்தான் டாயில் பின்னாளில் உலகத்துக்கே விற்றார்.

நோயாளி வராத டாக்டர்

படிக்கும்போதே 1880-ல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலில் மருத்துவராக ஆர்க்டிக் கடலுக்குப் போனார். பட்டம் வாங்கிய பிறகு மேற்கு ஆப்பிரிக்கா செல்லும் கப்பலில் வேலை பார்த்தார். 1882-ல் போர்ட்ஸ்மத் அருகே சவுத்ஸீ என்ற ஊரில் சொந்தமாக கிளினிக் தொடங்கியபோது கையில் 10 பவுண்டுகூட இல்லை.

நோயாளிகள் மெதுவாகத்தான் வந்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் எழுதினார். இன்றைய பாஷையில் சொன்னால், எழுத்து அவருடைய சைடு ஹசில்.

1886-ல் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். முதலில் யோசித்த பெயர் ஷெரின்ஃபோர்ட் ஹோம்ஸ். பிறகு அது ஷெர்லாக் ஆனது. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு நிறுவனம் மொத்த உரிமையையும் 25 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. அப்படித்தான் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887-ல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்தது. பெரிய வரவேற்பு ஒண்ணும் இல்லை.

1889-ல் ஓர் அமெரிக்க இதழின் ஆசிரியர் லண்டனில் விருந்து கொடுத்தார். அழைக்கப்பட்டவர்களில் டாயில் ஒருவர், ஆஸ்கர் வைல்ட் இன்னொருவர். அந்த ஒரே விருந்தின் விளைவாக இரண்டு நாவல்கள் பிறந்தன: வைல்டின் 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே', டாயிலின் இரண்டாவது ஹோம்ஸ் நாவலான 'தி சைன் ஆஃப் ஃபோர்'. ஆக்ரா கோட்டையில், 1857 கலகத்தின் நடுவே களவுபோன புதையல்தான் அந்த நாவலின் முடிச்சு.

1891-ல் கண் மருத்துவம் படிக்க வியன்னா போனார். திரும்பி வந்து லண்டனில் கண் டாக்டராக அறை எடுத்து உட்கார்ந்தார். ஒரு நோயாளிகூட வரவில்லை. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே சிறுகதைகள் எழுதினார். அந்த வருடமே கடும் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது, மருத்துவத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டுமே நம்பி வாழ்வது என்று முடிவெடுத்தார். அந்தக் கண் மருத்துவப் படிப்பு வீண்தான் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்கும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பிறகு வரும்.

ஹோம்ஸ் ஏன் திடீரென ஹிட் ஆனார்?

'ஸ்ட்ராண்ட்' என்ற மாத இதழ் அப்போதுதான் தொடங்கியிருந்தது. டாயில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தொடர்கதையில் ஒரு மாதத்தைத் தவறவிட்டால் வாசகர் கைநழுவிப் போய்விடுகிறார். தனித்தனிக் கதைகள் போட்டால் இதழோடு ஒட்டுதல் வருவதில்லை. அப்படியென்றால், நாயகன் ஒருவனே, ஆனால் ஒவ்வொரு மாதமும் முழுக்கதை என்று வைத்தால்?

இன்று நீங்கள் பார்க்கும் பாதி க்ரைம் சீரிஸ்களின் வடிவம் இதுதான். எந்த எபிசோடில் வேண்டுமானாலும் ஏறலாம், ஆனால் ஏறியவர் இறங்க மாட்டார்.

1891 ஜூலை இதழில் முதல் சிறுகதை வந்தது. சிட்னி பேஜெட் படங்கள் வரைந்தார். நாம் இன்று பார்த்தவுடன் அடையாளம் காணும் அந்த முன்னும் பின்னும் விளிம்பு வைத்த தொப்பி, அவருடைய படங்களின் வழியாக வந்ததுதான். சில மாதங்களில் ஹோம்ஸ் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஆனார்.

காலமும் ஒரு காரணம். மூன்று வருடங்களுக்கு முன், 1888-ல்தான் ஜாக் தி ரிப்பர் என்று அழைக்கப்பட்ட கொலைகாரன் லண்டனை நடுங்க வைத்திருந்தான். போலீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. யார் என்றே தெரியாத லட்சக்கணக்கான மனிதர்கள் நெருக்கியடித்து வாழும் நகரம். அப்படிப்பட்ட ஊரில், ஒருவரின் செருப்புச் சேற்றைப் பார்த்தே எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று சொல்லும் ஒருவன் கிடைத்தால் எவ்வளவு ஆறுதல்! குழப்பத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, பொறுமையாகப் பார்த்தால் அது தெரியும் என்பதுதான் ஹோம்ஸ் கொடுத்த வாக்கு. பெரிய நகரத்துக்கு வேலைக்கு வந்து, பக்கத்து ஃபிளாட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாமல் வாழும் நமக்கு அந்த வாக்கு இன்னமும் தேவைப்படுகிறது.

வெற்றி ஏன் அவருக்குக் கசந்தது?

டாயிலின் கனவு வேறு. சரித்திர நாவலாசிரியராக மதிக்கப்பட வேண்டும் என்பதுதான் ஆசை. 'தி ஒயிட் கம்பெனி' போன்ற நாவல்களுக்காகப் புத்தகம் புத்தகமாகப் படித்து உழைத்தார். உலகமோ அடுத்த ஹோம்ஸ் கதை எப்போது என்று மட்டும் கேட்டது.

ஆபீஸில் அவசரத்துக்கு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுக் கொடுத்து, அதற்குப் பிறகு எல்லோருக்கும் எக்ஸெல் ஆளாகவே ஆகிப்போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், அவருடைய எரிச்சல் புரியும்.

1891-லேயே ஹோம்ஸைக் கொன்றுவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா விடவில்லை. அதோடு நிற்காமல் ஒரு கதைக்கான கருவையும் கொடுத்தார். இரண்டு வருடம் தள்ளிப்போனது.

1893 அவருக்கு மோசமான வருடம். மனைவி லூயிசாவுக்குக் காசநோய் என்று தெரியவந்தது. அக்டோபரில் அப்பா காப்பகத்தில் இறந்தார். டிசம்பர் இதழில் ஸ்விட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் எதிரி மோரியார்ட்டியோடு ஹோம்ஸும் விழுந்து முடிந்தார். வாசகர்கள் கொதித்தார்கள். இதழுக்கான சந்தாவை ரத்து செய்தார்கள், திட்டிக் கடிதம் எழுதினார்கள். ஒரு கற்பனை மனிதனின் மரணத்துக்கு இப்படி ஓர் எதிர்ப்பு அதுவரை எழுத்துலகம் காணாதது.

எட்டு வருடம் தாக்குப் பிடித்தார் டாயில். 1901-ல் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' தொடங்கினார். ஆனால் அது ஹோம்ஸ் சாவதற்கு முன் நடந்த கதை என்று சமாளித்தார். 1903-ல் அமெரிக்காவிலிருந்து பெரும் தொகை பேசப்பட்டதும் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். அருவியில் விழவே இல்லையாம்! 1927 வரை எழுதி முடித்தபோது கணக்கு 4 நாவல்கள், 56 சிறுகதைகள்.

ஹோட்டலில் காத்திருந்த அந்த இளைஞர் யார்?

இப்போது அந்தச் செய்தித்தாளுக்கு வருவோம்.

ஜார்ஜ் எடால்ஜி. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கிரேட் வைர்லி என்ற கிராமத்தில் வளர்ந்தவர். அப்பா ஷாபுர்ஜி எடால்ஜி, பம்பாய்ப் பார்ஸி குடும்பத்திலிருந்து கிறிஸ்தவராகி, அந்தக் கிராம தேவாலயத்தின் பாதிரியார் ஆனவர். அம்மா ஆங்கிலேயர். வெள்ளைக்கார கிராமத்தில் பழுப்பு நிறப் பாதிரியார் என்பது சிலருக்குப் பிடிக்கவில்லை. பல வருடங்களாக அந்தக் குடும்பத்துக்குப் பெயரில்லாத மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.

1903-ல் அந்த வட்டாரத்தில் இரவு நேரங்களில் குதிரைகளும் மாடுகளும் ஆடுகளும் வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தன. போலீஸின் சந்தேகம் 27 வயது ஜார்ஜ் மேல் விழுந்தது. பர்மிங்காமில் வழக்கறிஞராக இருந்தவர், ரயில் பயணிகளுக்காகச் சட்டப் புத்தகம் எழுதியவர், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர். ஆனாலும் கைது. மாவட்டக் காவல் தலைவருக்கு அந்தக் குடும்பத்தின் மேல் ஏற்கெனவே நல்ல எண்ணம் இல்லை.

ஆதாரங்கள் என்ன? கோட்டில் குதிரை முடி இருந்ததாம். ஆனால் போலீஸ் அந்தக் கோட்டையும், இறந்த குதிரையின் தோல் துண்டையும் ஒன்றாகவே எடுத்துச் சென்றிருந்தது. மிரட்டல் கடிதங்களை அவரே எழுதினார் என்று ஒரு கையெழுத்து நிபுணர் சாட்சி சொன்னார். அதே நிபுணர் வேறொரு வழக்கிலும் தவறாக அடையாளம் காட்டி, ஒரு நிரபராதி சிறை போயிருக்கிறார். சம்பவ இரவில் மகன் தன் அறையில்தான் தூங்கினான், கதவைப் பூட்டியிருந்தேன் என்று அப்பா சொன்னது எடுபடவில்லை. ஏழு வருடக் கடுங்காவல் தண்டனை. பத்தாயிரம் பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1906-ல், காரணமே சொல்லாமல் வெளியே விட்டார்கள். மன்னிப்பு கிடையாது. வழக்கறிஞர் தொழிலும் போனது போனதுதான்.

அதே 1906 ஜூலையில் டாயிலின் மனைவி இறந்திருந்தார். எதிலும் மனம் ஒட்டாமல் மாதக்கணக்கில் கிடந்தவரை எழுப்பி உட்கார வைத்தது இந்த வழக்குதான்.

ஹோட்டலில் டாயில் கவனித்தது இதுதான்: ஜார்ஜுக்குக் கடுமையான கிட்டப்பார்வை, கூடவே சிதறல் பார்வை. மழை பெய்யும் கும்மிருட்டில், வயல்களையும் ரயில் பாதையையும் தாண்டிப் போய், ஒரு குதிரையைக் கண்டுபிடித்து, போலீஸ் கண்ணில் படாமல் திரும்பி வரும் பார்வையா அது? கண் மருத்துவர் ஒருவரின் பரிசோதனையும் அதை உறுதி செய்தது. லண்டனில் ஒரு நோயாளிகூட வராமல் காத்திருந்த அந்தப் படிப்புக்கு, 16 வருடம் கழித்து வேலை வந்தது.

டாயில் அதோடு விடவில்லை. கிராமத்துக்கே போனார். பாதையை நடந்து பார்த்தார். 1907 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழில் விரிவாக எழுதினார். யார் வேண்டுமானாலும் மறுபிரசுரம் செய்யலாம் என்று காப்புரிமையையும் விட்டுக்கொடுத்தார். நியாயமான ஒரு விஷயத்தை வைரல் ஆக்குவது எப்படி என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

அரசு மூவர் குழு போட்டது. அதில் ஒருவர் அந்தக் காவல் தலைவருக்கு உறவினர். மே மாதம் தீர்ப்பு வந்தது: விலங்குகளைத் தாக்கவில்லை, எனவே மன்னிப்பு. ஆனால் கடிதங்களை அவரே எழுதி வம்பை வாங்கிக்கொண்டார், எனவே இழப்பீடு இல்லை. அரை நீதிதான். டாயில் கொதித்தார். ஆனாலும் எடால்ஜி மறுபடி வழக்கறிஞர் ஆக முடிந்தது.

அப்போது இங்கிலாந்தில் ஒரு குற்றவியல் தீர்ப்பை எதிர்த்து முறையாக மேல்முறையீடு செய்ய நீதிமன்றமே கிடையாது. எடால்ஜி வழக்கும், அதே கையெழுத்து நிபுணர் சம்பந்தப்பட்ட அடால்ஃப் பெக் வழக்கும் கிளப்பிய கோபம் 1907-லேயே அதற்கான சட்டம் வர உதவியது. அந்த செப்டம்பரில் டாயில் மறுமணம் செய்துகொண்டபோது விருந்தினர்களில் எடால்ஜியும் ஒருவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டாயில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர் அல்ல. தென்னாப்பிரிக்கப் போரில் பிரிட்டனை ஆதரித்து எழுதியவர், 1902-ல் சர் பட்டம் பெற்றவர். 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் அந்தமான் பழங்குடி மனிதரை அவர் வர்ணித்த விதத்தை இன்று படித்தால் முகம் சுளிப்பீர்கள். அப்படிப்பட்டவரே எடால்ஜிக்காக நின்றார். தன் காலத்தின் வெறுப்புகள் அவருக்கும் இருந்தன. ஆதாரத்தை நேரில் பார்த்தபோது, அதன் பக்கம் நிற்கவும் தெரிந்தது.

அப்புறம் தேவதைகளை எப்படி நம்பினார்?

கதையின் விசித்திரமான பகுதி இது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் டாயில் இறந்தவர்களின் ஆவியோடு பேச முடியும் என்று உலகம் முழுக்கப் பிரசாரம் செய்தார்.

1918-ல் மூத்த மகன் கிங்ஸ்லியை இழந்தார், 1919-ல் தம்பி இன்னஸை இழந்தார், அந்தத் துயரத்தில்தான் இப்படி ஆனார் என்று பலர் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தேதிகளைப் பாருங்கள்: ஆவியுலக நம்பிக்கையை அவர் வெளிப்படையாக அறிவித்தது 1916-ல். மகன் அப்போது உயிரோடு இருந்தார். துயரம் நம்பிக்கையை உண்டாக்கவில்லை, இறுக்கியது. நமக்குப் பிடித்த விளக்கத்தையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே உதாரணம்.

1917-ல் யார்க்‌ஷயரின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயதும் 9 வயதுமான இரண்டு பெண்கள் தேவதைகளோடு இருப்பதுபோலப் புகைப்படம் எடுத்தார்கள். 1920-ல் ஹோம்ஸ் வந்த அதே 'ஸ்ட்ராண்ட்' இதழில் அவை உண்மை என்று எழுதினார் டாயில். காகிதத்தில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் நிறுத்திய உருவங்கள் அவை என்று அந்தப் பெண்கள் 1983-ல்தான் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் பார்த்து வரைந்தது 1914-ல் வந்த ஒரு சிறுவர் பரிசுப் புத்தகத்தின் படங்களை. அந்தப் புத்தகத்தில் ஒரு கதை டாயில் எழுதியது! தடயம் அவர் அலமாரியிலேயே இருந்திருக்கலாம்.

இதைச் சொல்லிச் சிரிப்பது எளிது. ஆனால் யோசியுங்கள். எடால்ஜி விஷயத்தில் நேரில் போய்ப் பார்த்தார், நடந்து பார்த்தார், நிபுணரிடம் கேட்டார். தேவதை விஷயத்தில் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மனிதர் ஒருவரே, மூளையும் ஒன்றே. ஹோம்ஸின் முறை என்பது பிறவித் திறமை அல்ல; ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை. வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வேர்டு நமக்குப் பிடித்த மாதிரி இருக்கும்போதுதான் அந்த வேலை கஷ்டம்.

இன்னும் ஏன் சலிக்கவில்லை?

சுருக்கமாக நாலு காரணங்கள்.

ஒன்று, ஹோம்ஸ் விடையோடு வழியையும் சொல்கிறார். சூப்பர் ஹீரோ மாதிரி நம்மால் பறக்க முடியாது. ஆனால் கவனிக்க முடியும் என்று தோன்றுகிறது.

இரண்டு, டாக்டர் வாட்சன். கதையைச் சொல்வது அறிவாளி அல்ல, அவர் பக்கத்தில் நின்று வியக்கும் நண்பர். நாம் அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறோம். சத்யஜித் ரேயின் ஃபெலுடாவுக்கு தோப்ஷே, நம்ம சுஜாதாவின் கணேஷுக்கு வசந்த் என்று இரட்டையர் மரபு நம் நாட்டிலும் வேர்பிடித்திருக்கிறது. ஃபெலுடா லண்டன் போகும்போது பேக்கர் தெருவுக்குப் போய் ஹோம்ஸுக்கு வணக்கம் சொல்லாமல் திரும்பவில்லை.

மூன்று, ஓட்டைகள். டாயில் அவசரமாக எழுதியவர். வாட்சனுக்குக் குண்டு பட்டது ஒரு கதையில் தோளில், இன்னொன்றில் காலில். ஜான் வாட்சனை அவர் மனைவியே ஒரு கதையில் ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். ரசிகர்களுக்கு இதெல்லாம் தீனி. நூறு வருடமாக விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நான்கு, ஹோம்ஸ் போலீஸ் அல்ல. யாருக்கும் கீழே வேலை பார்க்காதவர். அதிகாரம் கைவிட்டவர்கள் கடைசியாகக் கதவைத் தட்டும் இடம் அவர் வீடு. பேக்கர் தெரு 221பி முகவரிக்கு நிஜ மனிதர்கள் உதவி கேட்டுக் கடிதம் எழுதியதற்கும், அந்த இடத்தில் இருந்த நிதி நிறுவனம் பதில் போடுவதற்கென்றே ஒருவரை வைத்திருந்ததற்கும் அதுதான் காரணம்.

1930 ஜூலை 7, டாயில் தன் வீட்டில் காலமானார். ஆறு நாள் கழித்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். மேடையில் அவருக்காக ஒரு நாற்காலி காலியாக விடப்பட்டது, ஆவியாக வருவார் என்ற நம்பிக்கையில். எடால்ஜி அதன்பின் 1953 வரை வாழ்ந்தார். இழப்பீடு கடைசிவரை கிடைக்கவில்லை.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்டால், நாவல்களை விட்டுவிட்டு 'தி ஸ்பெக்கிள்டு பேண்ட்', 'சில்வர் பிளேஸ்' ஆகிய சிறுகதைகளிலிருந்து ஆரம்பிங்க. ஒரு மெட்ரோ பயணத்தில் ஒன்று முடிந்துவிடும். முடித்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் போனை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். அவரை எடைபோடுவதற்காக அல்ல. யாரோ ஒருவர் அப்படி நின்று கவனித்ததால்தான், பழி சுமந்த ஒரு மனிதர் மறுபடி தன் தொழிலுக்குத் திரும்ப முடிந்தது.